அடுத்தவர் லேபிள்

சுக்கு காபி விற்றதற்காக 10,000 ரூபாய் அபராதம் என்று மெயில் வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பணம் பெரிய விஷயமில்லை. 19 வருடம் பனியன் கம்பெனி நடத்தியவன் நான். ஒரு ஷிப்மென்ட் இரண்டு நாள் தள்ளிப் போனதற்கு விமானத்தில் சரக்கை ஏற்றி, லட்சக்கணக்கில் கையை விட்டுக் கட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் மறுநாள் காலையில் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஆனால் என் பணத்தில் போட்ட கடையில், என் அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் வைத்த ஒரு டம்ளர் காபியைப் படம் எடுத்து, 'ஒப்பந்த மீறல்' என்று தலைப்புப் போட்டு அனுப்பியது உள்ளே எங்கேயோ தைத்துவிட்டது. 2024 நவம்பரில் நடந்தது இது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது என் மச்சான் அதே வழியில் கால் வைக்கப் போகிறார் என்பதால் எழுதத் தோன்றுகிறது.

கடை திருப்பூரில், பி.என். ரோட்டை ஒட்டி இருக்கிறது. டீ, காபி, பன், சமோசா விற்கும் ஒரு பிராண்டின் கிளை, ஃபிரான்சைஸ் என்பார்கள். பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனி என்னை ஏமாற்றவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த நவம்பரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிற ஆட்கள் இருமிக்கொண்டே வந்து, "சுக்கு காபி இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். நான்கு நாள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வீட்டில் சுக்கைத் தட்டி, மல்லியை லேசாக வறுத்துப் பொடித்து, கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் போக இரண்டு தடவை வடிகட்டி எடுத்து வந்தேன். கருப்பட்டியை அப்படியே போட்டால் டம்ளர் அடியில் நறநறவென்று நிற்கும். அம்மா அதில் கறார். ஒரு டம்ளர் 15 ரூபாய். பத்து நாளில் ஒரு நாளைக்கு 70 டம்ளர் போக ஆரம்பித்தது. 19 வருடத் தொழில் பழக்கம் வேலை செய்கிறது என்று மனசுக்குள் ஒரு பூரிப்பு.

ஏரியா மேனேஜராக வந்த தம்பி நல்ல பையன். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தான். "சார், டேஸ்ட் சூப்பரா இருக்கு சார். ஆனா மெனுவுல இல்லையே சார்" என்றான். அடுப்பை ஒரு படம், டம்ளரை ஒரு படம், பக்கத்தில் நான் கணக்கு எழுதிவைத்திருந்த 40 பக்க நோட்டை ஒரு படம் எடுத்தான். அந்த நோட்டுதான் விஷயத்தைக் கெடுத்தது. கம்பெனியின் பில் மெஷினில் சுக்கு காபி என்று ஒரு பட்டனே கிடையாது. அதனால் தனியாக எழுதிவைத்தேன். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், பில்லுக்கு வெளியே ஒரு வியாபாரம் ஓடுகிறது, அதில் ராயல்டி, அதாவது விற்பனையில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு, வரவில்லை. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. பார்சல் கொடுக்கிற பையனிடம்கூட எரிந்து விழுந்தேன்.

இந்தப் பக்கம் வந்த கதை

திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2003-ல் 12 மெஷினோடு ஆரம்பித்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமும் மூடியபோது துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிச் சமாளித்தேன். பணமதிப்பு நீக்கம், அடுத்த வருடமே ஜிஎஸ்டி, பிறகு கொரோனா. எல்லாவற்றையும் தாண்டியவனை 2022-ல் நூல் விலை சாய்த்தது. அந்த மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு, சுமார் 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆறு மாதம் முன்னால் பேசிய விலைக்கு ஆர்டரை முடித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பீஸிலும் கைக்காசு போகும். கொடுக்காவிட்டால் பையர் போய்விடுவார். கொடுத்து முடித்தேன். அந்த வருடக் கடைசியில் மெஷின்களை விற்றேன். ஷெட்டை ஒரு பார்சல் கம்பெனி குடோனாக வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

மெஷின் விற்ற காசும், வங்கிக் கடன் போக மிஞ்சியதும் கையில் இருந்தன. வயது 49. சும்மா இருக்கத் தெரியாத வயது. அதே சமயம் முதலிலிருந்து ஒன்றைக் கட்டி எழுப்பவும் தெம்பில்லை. இதை நான் வெட்கப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் போல இருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் பட்டுவாடா செய்ய வெள்ளிக்கிழமை இரவே நெஞ்சு படபடக்கும் வாழ்க்கை போதும் என்று இருந்தது. பெயரை யாரோ சம்பாதித்து வைத்திருக்கிறார்கள், பக்குவத்தை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் கடையைத் திறந்து பார்த்துக்கொண்டால் போதும் என்பது அந்த நிலையில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கோவை கொடிசியா அரங்கில் நடந்த ஒரு ஃபிரான்சைஸ் கண்காட்சிக்குப் போனேன். சின்னப் பசங்கள் கூட்டமாக இருக்கும் என்று நினைத்தால், பாதிப்பேர் நரைத்த தலை. மில் வைத்திருந்தவர், பம்ப் பாகங்கள் செய்தவர், லாரி ஓட்டியவர், வளைகுடாவில் கான்ட்ராக்ட் எடுத்துவிட்டுத் திரும்பியவர். ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரே வசனம்: "நீங்க பிசினஸ் பண்ணவங்க சார், உங்களுக்கு இது ரொம்ப ஈஸி." எனக்கும் சொன்னார்கள். கேட்க இதமாக இருந்தது. 18 மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். ஒரு டி-ஷர்ட் காஸ்டிங்கில் 60 பைசாவுக்காக மூன்று நாள் பேரம் பேசிய நான், 38 பக்க ஒப்பந்தத்தில் இரண்டு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டேன். 2023 பிப்ரவரியில் கடை திறந்தாயிற்று.

நல்லதையும் சொல்ல வேண்டும். முதல் நாளே கூட்டம் வந்தது, அந்தப் பெயர்ப்பலகைக்காக. என் பெயரைப் போட்டிருந்தால் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். டீ மாஸ்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றே நாளில் புது ஆள் அளவுக் கரண்டியைப் பார்த்து அதே டீயைப் போட்டான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் பொங்கலுக்குப் போய் வராவிட்டால் அந்த மாதமே காலி. எழுதிவைத்த முறைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதற்குத்தான் ராயல்டி கொடுக்கிறோம்.

கழுத்துப் பட்டி

அபராத மெயில் வந்த மறுநாள் சாயங்காலம், எனக்கு வருடக்கணக்கில் பவர் டேபிள் வேலை, அதாவது கூலிக்குத் தையல், செய்து கொடுத்த அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். இப்போதும் வாரம் ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். எத்தனை சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். எவ்வளவு நல்ல சரக்கு கொடுத்தேன், ஜனங்கள் எப்படித் தேடி வந்தார்கள், இந்தக் கம்பெனிக்காரனுக்கு எதுவும் புரியவில்லை என்று. அவர் பேப்பர் கப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "மொதலாளி, நம்ம கழுத்துப் பட்டி விசயம் நெனப்பிருக்குதுங்களா?" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவரே சொன்னார். 2010-ல் ஒரு ஜெர்மன் ஆர்டர், 3,200 பீஸ். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள் வரை பின்கழுத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் பட்டி 8 மில்லிமீட்டர் என்று பையர் கொடுத்த ஷீட்டில் இருந்தது. அந்தத் துணிக்கு 8 போதாது, நாலு சலவையில் ஓரம் பிரிந்து வரும் என்பது அவருடைய கணக்கு. தன் கைப்பணத்தில் 10 மில்லிமீட்டர் பட்டி வாங்கி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். பையிங் ஏஜென்சி ஆள் வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்து மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டான். நான்கு நாள் பிரித்துத் தைத்தோம். நான் அவர் கணக்கில் 38,000 ரூபாய் டெபிட் போட்டேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்க. 'நல்லா இருக்கறது வேற, அவங்க கேட்டது வேற. லேபிள் யாருதுன்னு பார்த்துத் தைங்கண்ணா'ன்னு. எனக்குக் கோவந்தான். அந்த வாரம் ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்க வீட்டுல வளையல வெச்சனுங்க. ஆனா அப்பறம் யோசிச்சா, நீங்க சொன்னது நாயமாத்தான் பட்டுது. எம்பட பேரு அதுல எங்கயும் இல்லீங்களே."

குத்திக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது; எனக்கு ஒரு வழி சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வளையல் விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருடைய 10 மில்லிமீட்டர் பட்டி நிஜமாகவே நல்ல பட்டி என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் டெபிட் போட்டேன். போகும்போது டீக்குக் காசு கொடுக்க வந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டெபிட் நான் போட்டிருக்கக் கூடாதுண்ணா, பாதியாவது நான் தாங்கியிருக்கணும்" என்றேன். "அட, உடுங்க மொதலாளி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. கடையைத் திறந்த நாளிலிருந்து, 'சொந்தமாகத் தொழில் செய்தவன், இப்போது அடுத்தவர் பெயருக்குக் கீழே நிற்கிறேன்' என்று ஒரு குறை எனக்குள் இருந்தது. சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்: "கம்பெனி வெச்சிருந்தவரு, இப்ப ஏஜென்சி எடுத்துட்டீங்களாமா?" ஆனால் 19 வருடத்தில் என் பெயர் போட்ட பனியன் ஒன்றுகூட நான் தைத்ததில்லை. தைத்த லட்சக்கணக்கான பீஸிலும் அடுத்தவர் லேபிள்தான். பட்டன் எத்தனை துளை, தையல் அங்குலத்துக்கு எத்தனை, அட்டைப்பெட்டியில் ஒட்டும் டேப்பின் அகலம் எவ்வளவு என்பதுவரை எங்கேயோ ஒருவர் எழுதி அனுப்பினார், நான் அதன்படி செய்து கொடுத்தேன். அதைச் சரியாகச் செய்ததில் எனக்குப் பெருமை இருந்தது. சாம்பிள் ஒரே தடவையில் அப்ரூவல் ஆனால் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போவேன். இந்த ஊர் வளர்ந்ததே அந்தக் கட்டுப்பாட்டில்தான். அப்படிப்பட்ட நான் அளவுக் கரண்டியைப் பார்த்ததும் ஏன் சிறுத்துப் போனதாக நினைத்தேன்?

யோசித்ததில் கிடைத்த பதில் இது. பனியனில் அவர்கள் சொன்னபடி செய்தேன். ஆனால் செய்வதற்கு முன்னால் பேரம் பேசினேன். விலை, தேதி, பணம் எத்தனை நாளில் வரும், பீஸ் கழிந்தால் யார் பொறுப்பு, துணி தாமதமானால் யார் பொறுப்பு, எல்லாம் பேசி முடித்த பிறகுதான் கத்தரியை வைப்போம். என் அனுபவம் முழுவதும் அந்தப் பேச்சில்தான் இருந்தது. டீக்கடையில் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டேன். பேச வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு அனுபவத்தைக் காட்டப் போய் அடி வாங்கினேன்.

சுக்கு காபிக்கு ஒரு ஷீட்

அபராதத்தைக் கட்டினேன். பிறகு சாம்பிள் அனுப்புவதைப் போலவே உட்கார்ந்து ஒரு ஷீட் தயார் செய்தேன். 120 மில்லி டம்ளருக்குச் சுக்கு எத்தனை கிராம், மல்லி எத்தனை, கருப்பட்டி எத்தனை, எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம், அடக்கம் 5 ரூபாய் 40 பைசா, பத்து நாளில் எந்த நேரத்துக்கு எத்தனை டம்ளர் போனது என்று அந்த நோட்டிலிருந்தே எடுத்துப் போட்டேன். கம்பெனிக்கு அனுப்பினேன். எங்கே அனுப்புவது என்றே முதலில் தெரியவில்லை; கிளைக்காரர் ஒருவர் ஒரு யோசனை சொல்ல நினைத்தால் அதற்கென்று ஒரு ஆளோ முகவரியோ அவர்களிடம் இல்லை. ஏரியா மேனேஜர் தம்பிதான் மேலே மேலே அனுப்பிக் கொடுத்தான்.

அந்த நாட்களில் மெக்டொனால்ட்ஸ் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். அதை நாடு முழுக்கக் கொண்டுபோன ரே க்ராக், கடையை ஆரம்பித்த மெக்டொனால்ட் சகோதரர்களை 1954-ல் பார்த்தபோது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது. அதுவரை மில்க்ஷேக் கலக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர். இது பலருக்கும் தெரிந்த கதை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு இடம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் லூ க்ரோன் என்பவர் கிளை எடுத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் கத்தோலிக்கர்கள் அதிகம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொட மாட்டார்கள், கடை காற்று வாங்கும். அவர் ஒரு மீன் சாண்ட்விச் செய்து கம்பெனியிடம் கொண்டுபோனார். க்ராக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் அன்னாசித் துண்டு வைத்த பன் ஒன்று இருந்தது. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டையும் வைத்து விற்றுப் பார்த்தார்கள். மீன் ஜெயித்தது. இன்றைக்கும் அது அவர்கள் பட்டியலில் இருக்கிறது. பிக் மேக்கும் அப்படித்தான், பிட்ஸ்பர்க் பக்கம் கிளைகள் வைத்திருந்த ஜிம் டெலிகாட்டி 1967-ல் செய்து பார்த்தது. அடுத்த வருடமே நாடு முழுக்கப் போனது. இரண்டு பேருமே தன்னிஷ்டத்துக்கு அடுப்பில் வைக்கவில்லை. மேலே கேட்டார்கள், இடித்துக் கேட்டார்கள். கேட்டால் பரீட்சை பார்க்கவாவது ஒரு வழி அந்தக் கம்பெனியில் இருந்தது.

என் ஷீட்டுக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்டோபர் முதல் ஜனவரி வரை மட்டும், மூன்று கிளைகளில் பரீட்சார்த்தமாக, அவர்கள் அனுப்பும் பொடியை வைத்து. பொடியைக் கலக்கிக் குடித்துப் பார்த்தேன். அம்மா பக்குவம் இல்லை. கருப்பட்டி வாசமே இல்லை. சர்க்கரையும் ஏதோ சாரமும். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் விற்கிறேன், பில் மெஷினில் இப்போது அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. பழைய காபியைக் குடித்த ஆட்கள் சிலர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

60 மாதம்

இனி மச்சான் விஷயம். என் மனைவியின் தம்பி. 12 வருடமாகப் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார், பெரும்பாலும் அமெரிக்க ஆர்டர்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் அவருக்கு வரும் வேலை பாதிக்குக் கீழே போய்விட்டது. யூனிட்டைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, 35 லட்சம் போட்டு ஒரு மருந்துக்கடை பிராண்டின் கிளை எடுக்கப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார். "மாமா, நாம வேலைக்குப் பயந்தவங்களா? பார்த்துக்கலாம்" என்றார். கொடிசியாவில் எனக்குச் சொன்ன அதே வசனத்தை அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்காக என் கடைக் கணக்கை, யாருக்கும் காட்டாததை, எடுத்து வைத்தேன். மாதம் 4,20,000 ரூபாய் வியாபாரம். சரக்கு 42 சதவீதம், 1,76,400. ராயல்டி 6 சதவீதம், விளம்பர நிதி 2 சதவீதம், இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எக்ஸ்போர்ட்டில் கட்டிய வரி ரீஃபண்டாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நான் இதைச் செலவாகவே நினைக்கவில்லை. உணவகத்துக்கு 5 சதவீத வரி, ஆனால் இன்புட் எடுக்க, அதாவது நாம் வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. ஆகவே ராயல்டிக்குக் கட்டும் 18 சதவீதமும் என் தலையில்தான். எல்லாம் சேர்த்து மாதம் 39,648 ரூபாய். வாடகை வரியோடு 40,000. ஐந்து பேர் சம்பளம் 84,000. கரண்ட் பில் 22,000. டெலிவரி ஆப் கமிஷன், சில்லறைச் செலவு 18,000. மிஞ்சுவது 40,000-க்குக் கொஞ்சம் குறைவு. நான் போட்டது 24 லட்சம். அப்படியென்றால் போட்டதை எடுக்க 60 மாதம். ஒப்பந்தமும் 60 மாதம். இதில் காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை நிற்கிற எனக்குச் சம்பளம் போடவில்லை.

மச்சான் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அவங்களுக்கு நஷ்டமே வராதா மாமா?" என்று கேட்டார். அதுதான் கேள்வி. பையர் எனக்குப் பணம் கொடுத்தார். இங்கே நான் அவர்களுக்குக் கொடுக்கிறேன், அதுவும் லாபத்தில் பங்கு கிடையாது, விற்பனையில் பங்கு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அவர்கள் ஒரு வாரம் அறிவித்தால் கூட்டம் கூடும், விற்பனை ஏறும், ராயல்டியும் ஏறும். பாலும் கப்பும் ஆள் கூலியும் என்னுடையது. கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. அவர்கள் கண் ஓர் எண்ணைப் பார்க்கிறது, என் கண் வேறோர் எண்ணைப் பார்க்கிறது, அவ்வளவுதான். எந்த விலைக் குறைப்புக்கு யார் எவ்வளவு தாங்குவது என்று முன்னாலேயே எழுதிக்கொண்டிருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

வக்கீல் ஒருவரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தையும் வணிகமுத்திரைச் சட்டத்தையும் வைத்துத்தான் எல்லாம் என்றார். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிச் சரக்கை விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது செல்லும், 1995-ல் குஜராத் பாட்லிங், கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால் 27-ஆம் பிரிவின்படி அது பொதுவாக நிற்காது என்றார். பிறகு அமெரிக்க முறையைப் பற்றிச் சொன்னார். அங்கே கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்னாலேயே 23 தலைப்புகளில் எல்லாத் தகவலும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதில் ஒன்று, கடந்த வருடம் கிளையை விட்டுப் போனவர்களின் பெயரும் தொடர்பும். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போனவர்களைக் கேட்டால் போதுமே! பனியனில் ஒரு புது பையர் வந்தால், இதற்கு முன்னால் அவருக்கு யார் தைத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்றுதான் முதலில் விசாரிப்போம். பனியன் மார்க்கெட்டான காதர்பேட்டையில் ஒரு டீ குடித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அந்த ஒரு காரியத்தைக்கூட நான் செய்யவில்லை.

மச்சான் கம்பெனியிடம் அந்தப் பட்டியலைக் கேட்டார். தர முடியாது என்றார்கள். சரி, சட்டம் இல்லை, தர மாட்டார்கள். மருந்து மொத்த வியாபாரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலமாக, அந்தப் பலகையை இறக்கிவிட்ட மூன்று பேரின் எண் கிடைத்தது. ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், எனக்கு இதைப் பற்றிப் பேச இஷ்டமில்லை என்று வைத்துவிட்டார். மூன்றாவது ஆள் தாராபுரத்துக்காரர். இதற்கு முன்னால் நூல் கமிஷன் வியாபாரம் செய்தவராம். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டோம். 40 நிமிடம் பேசினார். கடை வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இல்லாமல் கம்பெனி பெயரில் இருந்தது, அதனால் பலகையை இறக்கியபோது கடையையே விட வேண்டியதாயிற்று என்றார். காலாவதி நெருங்கும் மருந்தைத் திரும்ப எடுப்பதாகச் சொன்னவர்கள் எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு மாதமாகச் சொன்னார். கடைசி மூன்று மாதம் எப்படிப் போனது என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. மச்சான் பிரிண்ட் சாம்பிள் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் நிரம்பி இன்னொரு அட்டையை எடுத்தார். வைக்கும் முன்னால் அந்த மனிதர், "கேட்டீங்களே, அதுவே சந்தோசமுங்க. என்னைய யாரும் இதுவரைக்கும் கேக்கல" என்றார்.

மச்சான் வேண்டாம் என்று முடிவு செய்துவிடவில்லை. அந்தக் கம்பெனி இன்னும் நல்ல கம்பெனியாகவே இருக்கலாம். தப்பு அந்தத் தாராபுரத்துக்காரர் பக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தின் ஓரங்களில் இப்போது மச்சானின் பென்சில் கோடுகள் இருக்கின்றன. வாடகை யார் பெயரில், விலை ஏற்றினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இரண்டு கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வருமா, ஐந்தாம் வருடம் புதுப்பிக்க என்ன கட்டணம். என்னுடைய ஒப்பந்தம் 2028 பிப்ரவரியில் முடிகிறது. அந்தக் கோடுகளைப் பார்த்து என்னுடையதிலும் போட்டுக்கொண்டு வருகிறேன். புதுப்பிப்பதா இல்லையா என்று அப்போது பேச உட்காரும்போது வெறும் கையோடு உட்கார மாட்டேன்.

வருகிற வியாழக்கிழமை நானும் மச்சானும் பல்லடம் போகிறோம். அங்கே அந்த மருந்துக்கடையின் கிளை ஒன்று நன்றாக ஓடுவதாகச் சொல்கிறார்கள். எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்து, இரவு ஷட்டர் இறங்கும்வரை உள்ளே போகிற ஒவ்வொரு ஆளையும், வெளியே வரும்போது கையில் பை இருக்கிறதா இல்லையா என்பதையும் எண்ணப் போகிறோம். செக்கிங் டேபிளில் பீஸ் எண்ணுவதைப் போல ஐந்து ஐந்தாகக் கோடு போட, மச்சான் ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.